பின் நம்பரும் இல்லை, பெயரும் பொருந்தவில்லை: கிரெடிட் ஃப்ரீஸை எப்படி எடுப்பது?

கடிதத்தின் சுருக்கம்

டாலஸ் அருகே வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மக்களின் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோன செய்தி 2017 செப்டம்பரில் வெளிவந்தது. அதற்கடுத்த சில மாதங்களில், அப்போது நியூ ஜெர்சியில் இருந்த இவர் பெயரில் யாரோ ஒரு கடையின் கிரெடிட் கார்டை வாங்கிப் பொருள்களை அள்ளிவிட்டார்கள். அந்தக் கணக்கு தன்னுடையது அல்ல என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டதாம். அந்தப் பயத்தில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பதிவு நிறுவனங்களிலும் ஃப்ரீஸ் போட்டார், அதாவது புதிதாகக் கடன் கொடுப்பவர் யாரும் தன் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியாதபடி பூட்டிவைத்தார். அதை எடுப்பதற்கென்று தபாலில் வந்த ரகசிய எண் (பின் நம்பர்) கடிதங்கள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன.

இப்போது வீடு வாங்க ஒப்பந்தம் போட்டாயிற்று, ஐந்து வாரத்தில் க்ளோசிங், அதாவது பத்திரம் முடிந்து வீடு கைமாறும் நாள். கிரெடிட் ரிப்போர்ட்டை எடுக்கவே முடியவில்லை என்று லோன் ஆபீசர் கைவிரிக்கிறார். இவர் ஆன்லைனில் முயன்றதில் இரண்டு நிறுவனங்களில் உள்ளே போக முடிந்தது. மூன்றாவது, "உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை, ஆவணங்களைத் தபாலில் அனுப்புங்கள்" என்கிறது. இவர் இந்தியாவிலிருந்து ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டில் வந்தவர். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகச் சேர்ந்தது, கிரீன் கார்டும் அப்படியே வந்தது.

அவர் கேட்பவை: பின் நம்பர் இல்லாமல் எடுக்க வழியுண்டா? கணவரின் ஃப்ரீஸை எடுத்தாயிற்று, அது எனக்கும் சேராதா? எடுத்தால் கிரெடிட் ஸ்கோர் குறையுமா, திருடன் மறுபடி வருவானா? நிரந்தரமாகவே எடுத்துவிடச் சொல்கிறார் லோன் ஆபீசர், எடுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் 250 டாலர் கொடுத்தால் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறாரே?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பின் நம்பர் தொலைந்ததற்காக இத்தனை நாள் உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். ஃப்ரீஸ் போட்டவர் நீங்கள், அதை எடுக்கும் உரிமையும் உங்களுடையது. அந்த எண் தொலைந்தால் உரிமை தொலையாது. இன்று மூன்று நிறுவனங்களிலும் ஆன்லைன் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு வழியாகவே ஃப்ரீஸைப் போடலாம், தளர்த்தலாம், எடுக்கலாம். இரண்டில் நீங்களே உள்ளே போய்விட்டீர்கள். அங்கே பழைய பின் நம்பர் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மே 24 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் ஃப்ரீஸ் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம், ஃப்ரீஸ் போடுவதையும் எடுப்பதையும் நாடு முழுவதும் இலவசமாக்கியது. அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் வேறுபட்டது. ஆன்லைனிலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தபாலில் கேட்டால், கடிதம் போய்ச் சேர்ந்த பின் மூன்று வேலை நாளுக்குள்.

"ஒரு மணி நேரம் என்கிறார்கள், ஒன்பது நாளாகிவிட்டதே, இது சட்ட மீறல் இல்லையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நீங்கள் கேட்ட நொடியிலிருந்து ஓடுவதில்லை. கோரிக்கையோடு முறையான அடையாளச் சான்றும் கிடைத்த பிறகே ஓடத் தொடங்கும். அந்த மூன்றாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் யார் என்பதே இன்னும் தீரவில்லை. ஆகவே இன்றைக்கு வழக்கு, நோட்டீஸ் என்று யோசிப்பது வீண். அடையாளத்தைத் தீர்ப்பதுதான் வேலை.

சிக்கல் உங்கள் பெயரில் இருக்கிறது

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் இது. அப்பா பெயரை இனிஷியலாக மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால், பாஸ்போர்ட்டில் பலருக்கு ஒரே பெயர்தான். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். வந்த புதிதில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, முதல் கிரெடிட் கார்டு எல்லாம் அந்தப் பெயரிலேயே போயிருக்கும். கிரீன் கார்டுக்குப் பிறகு எடுத்தவை அப்பா பெயர் சேர்ந்த புதுப் பெயரில் இருக்கும். அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் ஒன்றுதான், ஆனால் அதன் கீழே இரண்டு பெயர்கள். நீங்கள் ஃப்ரீஸ் போட்டதோ பழைய பெயரில், நியூ ஜெர்சி முகவரியில். இப்போது புதுப் பெயரையும் டெக்சாஸ் முகவரியையும் தட்டினால் கணினி எப்படி ஒப்புக்கொள்ளும்?

ஆகவே முதல் வேலையாக, உள்ளே போக முடிந்த இரண்டு நிறுவனங்களிலிருந்தும் உங்கள் முழு ரிப்போர்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் இருந்தாலும் சொந்த ரிப்போர்ட்டை நீங்கள் பார்க்கத் தடையில்லை. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம். கடன் விவரங்களுக்குப் போகாமல், தனிப்பட்ட விவரங்கள் என்று வரும் பகுதியைப் பாருங்கள். எந்தெந்தப் பெயர்கள், எந்தெந்த எழுத்துக்கூட்டல், எந்தெந்த முகவரிகள் பதிவாகியிருக்கின்றன என்று அங்கே வரிசையாக இருக்கும். மூன்றாவது நிறுவனத்திலும் பெரும்பாலும் இதே சாயல்தான் இருக்கும். அங்கே மறுபடி முயலும்போது பதிவில் உள்ள பழைய பெயரை அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். முந்தைய முகவரி கேட்கும் இடத்தில் நியூ ஜெர்சி முகவரியை அப்பார்ட்மெண்ட் எண்ணோடு போடுங்கள். 'இந்தத் தெருக்களில் எதில் வசித்தீர்கள்', 'கார் லோன் எந்த வங்கியில்' என்று கேள்வி வந்தால் நினைவை நம்பாமல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

அதிலும் நடக்கவில்லை என்றால் தொலைபேசியில் பேசுங்கள். தானியங்கிக் குரலோடு மல்லுக்கட்டாமல் ஆள் ஒருவரிடம், "என் ஃபைலில் இரண்டு பெயர்கள் இருக்கலாம், இரண்டையும் சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி அழைப்புகள் முடிந்துவிடுகின்றன.

இவை நடக்கும்போதே, பலனுக்குக் காத்திராமல், தபாலையும் அனுப்பிவிடுங்கள். ஐந்து வாரம் என்பது அதிக நேரமல்ல. கடிதத்தில் இரண்டு பெயர்கள், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், இப்போதைய முகவரி, நியூ ஜெர்சி முகவரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஃப்ரீஸைத் தளர்த்த வேண்டும் என்ற விவரம், எல்லாம் இருக்கட்டும். டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, உங்கள் பெயரில் வந்த கரண்ட் பில் அல்லது வங்கி ஸ்டேட்மெண்ட், இவற்றின் நகல்களை வையுங்கள். இவற்றோடு இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்டும் தாள் ஒன்றும் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் எண் புதிய பாஸ்போர்ட்டில் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டின் நகலையும் சேர்த்து வைத்தால் அந்தக் கேள்வி அடங்கும். சர்டிஃபைட் மெயிலில், ஒப்புகைச் சீட்டு கேட்டு அனுப்புங்கள். மூன்று வேலை நாள் என்ற கணக்கு அந்தச் சீட்டில் உள்ள தேதியிலிருந்துதான். அது கடந்தும் அசையவில்லை என்றால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியமான சிஎஃப்பிபி-யில் சீட்டின் நகலோடு புகார் பதியுங்கள். அப்போது உங்கள் கோபத்துக்கு முழு நியாயம் இருக்கும்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவில் உங்கள் பெயர் மாறியிருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. ஒற்றைப் பெயரோடு வந்த சிலருக்கு அங்கே முதல் பெயர் 'அன்நோன்' என்றே கிடக்கிறது. கிரீன் கார்டைக் காட்டி அதை மாற்றிக்கொள்ளலாம், கட்டணமில்லை. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டுகளிலிருந்து பழைய பெயரை நீக்கும் வேலையை இப்போது தொடாதீர்கள். கடன் நடுவில் இருக்கும்போது ஃபைலைக் கலைத்தால் புதுக் குழப்பம் வரும். இரண்டு பெயர் இருப்பதை லோன் ஆபீசரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். க்ளோசிங் அன்று இரண்டு பெயரும் நானே என்று கையெழுத்திடும் படிவம் வழக்கமானதுதான்.

ஒரு நிறுவனம் மட்டும் திறக்காவிட்டால்?

மூன்றும் திறந்தால்தான் கடன் என்று லோன் ஆபீசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் திறப்பதுதான் நல்லது. மூன்று ஸ்கோர்களில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வதுதான் வீட்டுக் கடனில் வழக்கம். ஆனால் மூன்றும் திறந்தால்தான் கடன் என்பது முழு உண்மையல்ல. அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரணக் கடன்களில் பெரும்பகுதி, வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற நிறுவனங்களின் விதிகளை ஒட்டியே கொடுக்கப்படுகிறது. ஃபேனி மே விதிகளில், மூன்று நிறுவனங்களிடமும் கேட்டு, ஒன்றில் மட்டும் ஃபைல் ஃப்ரீஸாகியிருந்தால், மற்ற இரண்டின் தகவலை வைத்துக் கடன் கொடுக்க இடமிருக்கிறது. இரண்டில் ஃப்ரீஸ் இருந்தால்தான் போகாது. உங்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் தன் சொந்தக் கட்டுப்பாடாக மூன்றையும் கேட்கலாம், அது அவர்கள் உரிமை. "இது ஃபேனி மே விதியா, உங்கள் நிறுவனத்தின் விதியா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

கணவர் தன் ஃப்ரீஸை எடுத்தது உங்களுக்குச் சேராது. கணவன் மனைவிக்கு ஒரே கிரெடிட் ஃபைல் என்று இந்த நாட்டில் எதுவும் இல்லை. கணக்கு கூட்டுக் கணக்காக இருந்தாலும் ஃபைல் தனித்தனிதான். உங்கள் அப்பா சிபிலைப் பற்றிக் கேட்டாராமே, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டிரான்ஸ்யூனியன் என்ற பெயர் இரண்டிலும் இருந்தாலும் இந்தியப் பதிவுகள் வேறு, இங்குள்ளவை வேறு.

கணவர் பெயரில் மட்டும் கடன் வாங்கிவிடலாமா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கிறது. சாதாரணக் கடன் என்றால் முடியும். அப்போது உங்கள் ரிப்போர்ட் தேவைப்படாது. ஆனால் உங்கள் சம்பளமும் கணக்கில் வராது. நீங்கள் சொல்லும் விலைக்கு அவர் சம்பளம் மட்டும் எட்டுமா என்று எனக்குச் சந்தேகம். அரசு உத்தரவாதம் உள்ள எஃப்ஹெச்ஏ கடன் என்றால் டெக்சாஸில் இந்த வழியில் போனாலும் உங்கள் ரிப்போர்ட்டைத் தவிர்க்க முடியாது. இங்கே திருமணத்துக்குப் பின் சேரும் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது என்பதால், கடனில் சேராத மனைவியின் கடன்களையும் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள், அதற்காக உங்கள் ரிப்போர்ட்டையும் கேட்பார்கள். எந்த வழியில் போனாலும் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கலாம், இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தரகரான ரியல்டரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெக்சாஸ் ஒப்பந்தத்தோடு கடன் ஒப்புதல் பற்றிய இணைப்புப் படிவம் இருந்தால், அதில் இத்தனை நாளுக்குள் கடன் ஒப்புதல் கிடைக்காவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விலகலாம், முன்பணம் திரும்பும் என்று இருக்கும். அந்தக் கெடு என்றைக்கு முடிகிறது? க்ளோசிங் தேதியைவிட அது முன்னால் வரும். அதற்குள் கிரெடிட் ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் உங்கள் பணம் ஆபத்தில் நிற்கும்.

நிரந்தரமாக எடுக்காதீர்கள், நாள் குறித்துத் தளர்த்துங்கள்

லோன் ஆபீசர் அடியோடு எடுக்கச் சொல்வது அவருடைய வசதிக்காக. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டாவது முறை ரிப்போர்ட் எடுக்கும்போது மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பார்க்கிறார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. க்ளோசிங்குக்கு முன் புதுக் கடன் எதுவும் வாங்கியிருக்கிறீர்களா என்று மறுபடி பார்ப்பார்கள். ஆனால் உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒருமுறை திருட்டு நடந்திருக்கிறது. 2017-இல் கசிந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பிறந்த தேதியும் இன்றும் மாறவில்லை. எடுத்தால் பிறகு போட மறந்துவிடுவோம், எல்லோரும் மறக்கிறார்கள். தேதி குறித்துத் தளர்த்தினால் முடிவில் தானாகவே ஃப்ரீஸ் திரும்பிவிடும். ஒரு நிறுவனம் நீங்கள் கேட்கும் அத்தனை நாளை ஒரே தடவையில் கொடுக்கவில்லை என்றால், முடியும்போது இன்னொரு முறை நீட்டித்துக்கொள்ளலாம். செலவில்லை.

இந்தச் சில வாரங்களுக்குப் பாதுகாப்பாக ஃப்ராட் அலர்ட் ஒன்றைப் போட்டுவையுங்கள். உங்கள் பெயரில் கடன் கொடுக்கும் எவரும் முதலில் உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற எச்சரிக்கைக் குறிப்பு அது. ஃப்ரீஸைப் போல ரிப்போர்ட்டை மறைக்காது, ஆகவே வீட்டுக் கடனை நிறுத்தாது. ஒரே ஒரு நிறுவனத்தில் போட்டால் போதும், மற்ற இரண்டுக்கும் அவர்களே சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு நிற்கும். பழைய திருட்டுக்கு நீங்கள் கொடுத்த அடையாளத் திருட்டுப் புகாரின் நகல் கையில் இருந்தால் ஏழாண்டு அலர்ட்டே கேட்கலாம். இப்போது பயன்படுத்தும் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், லோன் ஆபீசருக்கும் தெரிவியுங்கள்.

ஸ்கோர் பயத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். ஃப்ரீஸ் போடுவதாலோ எடுப்பதாலோ ஸ்கோரில் ஒரு புள்ளிகூட மாறாது. கடன் கொடுப்பவர் ரிப்போர்ட்டை எடுக்கும்போது விழும் விசாரணைப் பதிவால் சிறிது குறையலாம். வட்டியை ஒப்பிட இரண்டு மூன்று இடங்களில் கேட்பதானால் பதினான்கு நாளுக்குள் கேட்டு முடியுங்கள். அந்த இடைவெளியில் வரும் வீட்டுக் கடன் விசாரணைகளை ஃபைகோ என்ற ஸ்கோர் கணக்கிடும் முறை ஒன்றாகவே எண்ணும். புதிய முறைகளில் 45 நாள் வரை இடமுண்டு, ஆனால் வீட்டுக் கடனில் பழைய முறைகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் குறுகிய கணக்கையே பின்பற்றுங்கள்.

250 டாலர் கேட்பவர்

வேண்டாம். இதில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த வேலையைச் செய்ய உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி, லைசென்ஸ் நகல், பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம் போக வேண்டும். எந்தத் திருட்டுக்குப் பயந்து ஃப்ரீஸ் போட்டீர்களோ அதற்குத் தேவையான அத்தனையும் அந்த ஒரு உறையில் இருக்கும். நீங்கள் செய்ய முடியாத எதையும் அவராலும் செய்ய முடியாது. அவருக்கென்று தனி வாசல் எதுவும் அந்த நிறுவனங்களில் இல்லை. கிரெடிட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று தொழில் நடத்துபவர்கள் வேலை முடியும் முன் பணம் வாங்குவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. முன்பணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் வீட்டுக் கடன் விசாரணை பதிவானதும் முன்பின் தெரியாத கடன் நிறுவனங்களிடமிருந்து அழைப்புகள் வரும், 2025-இல் கையெழுத்தான சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. ஆனால் கடன் தருகிறோம் என்று தாமாகவே வரும் விளம்பரங்களுக்கான பெயர்ப் பட்டியல்கள் ஃப்ரீஸ் இருந்தாலும் நிற்பதில்லை. ஆப்ட் அவுட் பிரீஸ்கிரீன் என்ற தளத்தில் பதிந்தால் ஐந்தாண்டுக்கு நிறுத்தலாம், படிவத்தைக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் நிரந்தரமாக. "உங்கள் ஃப்ரீஸை எடுக்க எண்ணை உறுதிப்படுத்துங்கள்" என்று யார் அழைத்தாலும் பேச்சை வைத்துவிட்டு, நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

உங்கள் மகனுக்கும் ஃப்ரீஸ் போட முடியும். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கேட்டால் ஃபைல் உண்டாக்கி அதை முடக்கிவைக்க வேண்டும் என்பது அதே 2018 சட்டத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாளமும் வைத்துத் தபாலில் கேட்க வேண்டும். அவசரமில்லை, குடிபோன பிறகு செய்யுங்கள்.

தளர்த்தும் தேதியைக் குறிக்கும்போது க்ளோசிங் நாளோடு நிறுத்தாதீர்கள், அதற்குப் பின் பத்து நாளாவது இருக்கட்டும். டாலஸ் பக்கம் மின்சாரத்துக்கு நீங்களே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் முன் அவர்களும் கிரெடிட்டைப் பார்ப்பது வழக்கம். ஃபைல் கிடைக்கவில்லை என்றால் டெபாசிட் கேட்பார்கள். இணைப்பு வந்த பின், குறித்த தேதி முடிந்த மறுநாள், மூன்று கணக்குகளிலும் நுழைந்து ஃப்ரீஸ் திரும்ப விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.